நிப்பிள் நீரூட்டிக்கு வளர்ந்த கோழிகளைப் பழக்குதல்

நிப்பிள் நீரூட்டிக்கு வளர்ந்த கோழிகளைப் பழக்குதல் என்பது, தட்டு, மண்சட்டி, மணி வடிவத் தொட்டி முதலிய திறந்த பாத்திரங்களில் நீரருந்தி வளர்ந்த கோழிகளை, அலகால் தட்டினால் மட்டும் நீர் சொட்டும் மூடிய குழாய் அமைப்பிற்கு மாற்றும் செயன்முறையாகும். பொரித்த நாள் முதலே நிப்பிளைக் காணும் குஞ்சுகள் இதனைச் சில மணி நேரத்தில் கற்றுக்கொள்கின்றன. ஓராண்டு, ஈராண்டு வயதான பெட்டைகளும் சேவல்களும் அவ்வளவு எளிதாக மாறுவதில்லை. புதிய கருவி நீர் தரும் என்பதை அறியாத கோழி, நிறைந்த தொட்டியின் கீழேயே தாகத்தால் வாடக்கூடும் என்பதால், இம்மாற்றத்தைத் திட்டமிட்டுச் செய்ய வேண்டியுள்ளது.

நிப்பிள் என்னும் சொல்லுக்கு நிலைபெற்ற தமிழ்ச்சொல் எதுவும் வழக்கில் இல்லை. பண்ணையாளர்களும் கடைக்காரர்களும் நிப்பிள் என்றே கூறுவதால், இக்கட்டுரையிலும் அச்சொல்லே ஆளப்படுகின்றது.

நீரின் தேவை

முட்டையிடும் கோழி ஒன்று மிதமான வெப்பநிலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிலிட்டர் நீரை அருந்துகின்றது. இது அது உண்ணும் தீவனத்தின் எடையைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகும். வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களில் இத்தேவை இரட்டிப்பாகலாம். கோழிகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெப்பம் மிகும்போது அவை பெரும்பாலும் வாயைத் திறந்து இளைப்பதன் மூலம் உடல் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. இளைக்கும் ஒவ்வொரு மூச்சிலும் நீர் ஆவியாகி வெளியேறுவதால், வெப்பம் மிகுந்த நாளில் நீரின்றி இருப்பது, குளிர்ந்த நாளில் நீரின்றி இருப்பதைக் காட்டிலும் பன்மடங்கு கொடியது.

முட்டையின் உள்ளடக்கத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீரேயாகும். எனவே நீர் குறைந்தால் முதலில் தெரிவது முட்டைக் குறைவுதான். பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ நீர் கிடைக்காவிடின் முட்டை உற்பத்தி பாதிக்கப்படும் என்றும், முப்பத்தாறு மணி நேரத்தைத் தாண்டினால் இறப்பு பெருமளவில் கூடும் என்றும் கால்நடை மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. நீண்ட நேரம் தாகத்தில் வாடிய கோழி இறகுதிர்த்து, பல வாரங்கள் முட்டையிடாமல் நின்றுவிடுவதும் உண்டு. நீரருந்தாத கோழி தீவனத்தையும் குறைத்துக்கொள்ளும்.

கோழி நீரருந்தும் விதம்

கோழியால் நீரை உறிஞ்ச இயலாது. அலகை நீரில் நனைத்து, சிறிதளவு நீரை வாயில் அள்ளி, தலையை உயர்த்தி, புவியீர்ப்பின் துணையால் தொண்டைக்குள் இறக்குகின்றது. திறந்த பாத்திரத்தில் இதற்காகக் குனிந்து நிமிர வேண்டும். நிப்பிளிலோ கழுத்தை மேல்நோக்கி நீட்டினாலே போதும், நீர் தானாகத் தொண்டைக்குள் இறங்கிவிடும். உடலமைப்பின் படி நிப்பிள் முறை கோழிக்குக் கடினமானதன்று. சிக்கல் முழுவதும் அறிதலில்தான் உள்ளது: நீர் என்பது கீழே, விரிந்து, ஒளிரும் பரப்பாக இருப்பது என்றே வளர்ந்த கோழி கற்றிருக்கின்றது. தலைக்கு மேல் தொங்கும் உலோக ஊசியை அது நீருடன் தொடர்புபடுத்துவதில்லை.

இதற்கு மாற்றாகக் கோழியிடம் மூன்று இயல்புகள் உள்ளன. பழக்குதல் முழுவதும் இவற்றையே நம்பியுள்ளது. முதலாவது, மினுமினுக்கும் சிறு பொருளைக் கொத்திப் பார்க்கும் இயல்பு. இரண்டாவது, நிறங்களை, குறிப்பாகச் சிவப்பை, நன்கு பிரித்தறியும் கண். நிப்பிளின் உடற்பகுதியைப் பெரும்பாலும் சிவப்பு நெகிழியால் செய்வதற்கு இதுவே காரணம். மூன்றாவது, ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்யும் கூட்ட இயல்பு. கோழிக் கூட்டத்தில் படிநிலை உண்டு என்பதை நார்வே நாட்டவரான தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே 1921ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துரைத்தார். பின்னர் 1990களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் நிக்கோலும் அவருடன் பணியாற்றியவர்களும், கோழிகள் கூட்டத்தில் உயர்நிலையில் உள்ள பெட்டையைப் பார்த்தே மிகுதியாகக் கற்கின்றன என்பதைச் சோதனைகளால் காட்டினர். சேவலைப் பார்த்துக் கற்பது குறைவாகவே இருந்தது. யாரை முதலில் பழக்குவது என்னும் வினாவிற்கு இதில் விடை உள்ளது.

அமைப்பும் வகைகளும்

நிப்பிள் என்பது துருப்பிடிக்காத எஃகு ஊசி ஒன்றையும் அதனை அடைத்திருக்கும் தடுப்பிதழையும் கொண்ட சிறு கருவியாகும். ஊசியை அசைத்தால் அடைப்பு விலகி நீர் ஊசி வழியே சொட்டுகின்றது, விட்டதும் மூடிக்கொள்கின்றது. சில நிப்பிள்கள் ஊசியை மேல்நோக்கித் தள்ளினால் மட்டுமே திறக்கும். மற்றவை எப்பக்கம் அசைத்தாலும் திறக்கும். வளர்ந்த கோழிகளைப் புதிதாகப் பழக்குவோர் இரண்டாவது வகையையே வாங்க வேண்டும். தவறாக ஒரு பக்கம் கொத்தினாலும் நீர் கிடைப்பதால் கோழி விரைவில் புரிந்துகொள்கின்றது.

பக்கவாட்டில் பொருத்தும் நிப்பிள், கீழே சிறு கிண்ணத்துடன் கூடிய நிப்பிள், கொத்தினால் நிரம்பும் கிண்ண நீரூட்டி ஆகியனவும் கிடைக்கின்றன. கிண்ணத்தில் சிறிதளவு நீர் கண்ணுக்குத் தெரிவதால், இது தட்டிற்கும் நிப்பிளிற்கும் இடையிலான படியாக அமைகின்றது. பிடிவாதமான முதிய கோழிகள் உள்ள இடத்தில் இடைப்படியைத் தவிர்க்காமல் இருப்பது நல்லது.

நிப்பிள் குறைந்த அழுத்தத்தில் இயங்குவது. பண்ணைகளில் இதற்கென அழுத்தச் சீராக்கி பொருத்தப்படும். வீடுகளில் நிப்பிள் குழாய்க்கு ஒரு மீட்டர் அளவு உயரத்தில் ஒரு வாளியோ 20 லிட்டர் குடிநீர்க் கேனோ வைத்தால் போதுமானது. மாடித் தொட்டியின் குழாயில் நேராக இணைத்தால், அழுத்தம் மிகுந்து ஊசி இறுகிக்கொள்ளும். கோழி இரண்டொரு முறை கொத்திப் பார்த்து, அசையாததால் கைவிட்டுவிடும். பின்னர் அதனை மீண்டும் அழைப்பது முதலில் பழக்குவதைவிடக் கடினம்.

தமிழகத்தில் பரவல்

நாமக்கல் வட்டாரத்தின் முட்டைக்கோழிப் பண்ணைகளில் முன்னர் கூண்டு வரிசைகளின் முன்புறம் நீளமான திறந்த நீர்வாய்க்கால்கள் இருந்தன. தீவனத் துகளும் எச்சமும் விழுவதால் அவற்றை அன்றாடம் தேய்த்துக் கழுவ வேண்டியிருந்தது. ஒரு கோழியின் நோய் வரிசை முழுவதற்கும் நீர் வழியே சென்றது. இன்று அப்பண்ணைகளில் நிப்பிளே பொதுவழக்கு. பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழிப் பண்ணைகளிலும் மணி வடிவத் தொட்டிகளின் இடத்தைப் பெருமளவில் நிப்பிள் பிடித்துள்ளது. பெரும்பண்ணைகளில் குஞ்சுப் பருவத்திலேயே நிப்பிள் கொடுக்கப்படுவதால் இக்கட்டுரை கூறும் சிக்கல் அங்கு அரிதாகவே எழுகின்றது. எனினும் விடைக்கோழிகளை முட்டைக் கூண்டிற்கு மாற்றும்போது, முந்தைய கூண்டில் இருந்த அதே வகை நிப்பிளையே வைப்பது நல்லது.

புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்போரிடம் நிலைமை வேறு. உடைந்த மண்சட்டி, கொட்டாங்குச்சி, அலுமினியத் தட்டு ஆகியவையே அங்கு நீர்ப்பாத்திரங்கள். தாய்க்கோழியுடன் திரிந்து, தேங்கிய நீரையும் குடித்து வளர்ந்த சிறுவிடை, பெருவிடைக் கோழிகளைத்தான் பழக்க வேண்டியுள்ளது.

கொரட்டூரும் சுற்றுப்புறமும்

கொரட்டூர் சென்னையின் மேற்கே, அம்பத்தூருக்கும் வில்லிவாக்கத்திற்கும் இடையில் அமைந்த குடியிருப்புப் பகுதியாகும். அம்பத்தூர் நகராட்சியுடன் சேர்ந்து 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இங்கு தனி வீடுகளின் பின்புறங்களிலும் மாடிகளிலும் ஐந்தாறு கோழிகள் வளர்ப்போர்க்கு நிப்பிள் பயன்படுவதற்கு இடத்தைச் சார்ந்த காரணங்கள் பல உள்ளன.

முதலாவது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின் போதும் இப்பகுதியின் தெருக்களில் நீர் தேங்கியது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீரும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பகுதியின் ஆலைக் கழிவும் கலப்பது குறித்து அப்பகுதி மக்கள் நீண்டகாலம் குரல் எழுப்பியுள்ளனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திலும் இது வழக்காகியது. இத்தகைய நீர் முற்றத்தில் நிற்கும்போது, தரையிலுள்ள திறந்த தட்டு பயனற்றதாகின்றது. உயரத்தில் மூடிய கேனில் உள்ள நீர் தூய்மையாகவே இருக்கும். ஆனால் நிப்பிளை அறியாத கோழி, அந்நீர் இருந்தும் தேங்கிய கழிவுநீரையே குடிக்கும். ஆகவே மழைக்கு முன், செப்டம்பர் மாதத்திற்குள் பழக்கி முடிப்பது பொருத்தமானது.

இரண்டாவது கொசு. கவனிக்கப்படாத தட்டு நீரில், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு ஏறத்தாழ ஒரு வாரத்திலிருந்து பத்து நாட்களில் முட்டையிலிருந்து முழுவளர்ச்சி அடைந்துவிடும். மூன்றாவது நீர்ப்பற்றாக்குறை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறக்குறைய வறண்ட 2019ஆம் ஆண்டுக் கோடையில், கோழிகள் கிளறிக் கவிழ்க்கும் ஒரு தட்டு நீரும் இழப்பாகவே கருதப்பட்டது.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் அதனைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 1000 மில்லிகிராமிற்குள் இருந்தால் கோழிகளுக்கு நல்லது. 3000 வரை தாங்கும், எனினும் எச்சம் இளகலாம். அதற்கு மேல் கோழிக்கு ஏற்றதன்று. கடின நீர் நிப்பிள் ஊசியில் சுண்ணப் படிவை உண்டாக்கி அடைக்கும் என்பதும் கவனிக்கத்தக்கது.

கொரட்டூரின் வடகிழக்கே உள்ள மாதவரம் பால்பண்ணை வளாகத்தில், 1989ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் உள்ளது. நந்தனம் கோழி எனப் பெயர் பெற்ற புறக்கடை இனங்களை உருவாக்கிய அதன் கோழியின ஆராய்ச்சி நிலையம், முன்னர் நந்தனத்தில் இயங்கிப் பின்னர் மாதவரத்திற்கு மாறியது.

பழக்கும் முறை

காலம் தேர்தல்

அக்னி நட்சத்திர நாட்களில் தொடங்கக் கூடாது. அடைகாக்கும் கோழி, இறகுதிர்க்கும் கோழி, நோயுற்ற கோழி ஆகியன இருந்தால் அவை தேறும் வரை காத்திருத்தல் நலம். அடைக்கோழி நாளில் ஒன்றிரண்டு முறை மட்டுமே எழுந்து வருவதால், அந்தச் சில நிமிடங்களில் புதிய கருவியைக் கற்க அதற்கு நேரமிராது. அதற்குத் தட்டையே வைக்க வேண்டும். புதிதாக வாங்கி வந்த கோழிக்கு இடம் மாறிய கலக்கமே போதும்; ஒரு வாரம் கழித்தே புதிய நீரூட்டியைக் காட்ட வேண்டும்.

பொருத்துதல்

நிப்பிளைப் பொருத்திய பின், முதல் இரண்டு மூன்று நாட்களுக்குக் கோழிகளிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. பழைய தட்டு அதே இடத்தில் இருக்க, புதிய குழாய் அதன் அருகில் தொங்கட்டும். புதிய பொருளைக் கண்டு ஒதுங்கும் இயல்பு கோழிக்கு உண்டு. வெண்ணிறக் குழாயைப் பாம்பெனக் கண்டது போலக் கொக்கரித்துச் சுற்றி வருவதையும் காணலாம். அச்சம் தீர்ந்த பின்னரே கற்றல் தொடங்கும்.

ஊசியின் நுனி, கோழி நிமிர்ந்து நிற்கும்போது அதன் தலைக்குச் சற்று மேலே இருத்தல் வேண்டும். பாதம் தரையில் முழுதும் ஊன்றியிருக்க, கழுத்து மட்டும் மேலே நீள வேண்டும். தாழ்வாக இருந்தால் கோழி பக்கவாட்டில் தலையைத் திருப்பிக் கொத்தி, பாதி நீரைத் தரையில் சிந்தும். தாடியும் மார்பும் நனையும். எனினும் பழக்கும் முதல் வாரத்தில் மட்டும் கண் மட்டத்திற்குத் தாழ்த்தி வைத்து, கற்றபின் சிறிது சிறிதாக உயர்த்துவது எளிய வழியாகும். சிறுவிடையும் பெருவிடையும் கலந்த கூட்டத்தில் ஒரே உயரம் ஒத்து வராது. இரு உயரங்களில் குழாய் வேண்டும். நான்கைந்து கோழிகளுக்கு ஒரு நிப்பிள் போதும் எனினும், எவ்வளவு சிறிய கூட்டத்திலும் குறைந்தது இரண்டு நிப்பிள்கள் தள்ளித்தள்ளி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் கூட்டத்தின் தலைவி அதனடியில் நின்றுகொண்டு கடைநிலைக் கோழியை அண்டவிடாது.

காலை நேரப் பயிற்சி

கோழி இருளில் நீரருந்துவதில்லை. எனவே விடியலில் ஒவ்வொரு கோழியும் இயல்பாகவே தாகத்துடன் எழுகின்றது. பழக்குவதற்கான தாகத்தை இயற்கை அன்றாடம் தருகின்றது. அதனைத் தனியே உண்டாக்க வேண்டியதில்லை. முதல்நாள் இரவு கோழிகள் அடைந்த பின் தட்டை எடுத்துவிட்டு, விடிந்ததும் நிப்பிள் மட்டும் இருக்குமாறு கூண்டைத் திறக்கலாம். சிறிது உலர் தீவனம் கொடுத்தால் தாகம் கூடும்.

இப்போது வளர்ப்பவர் நிப்பிள் அருகே அமர்ந்து, விரல் நுனியால் ஊசியை அசைத்து, ஒரு துளி நீர் தொங்குமாறு செய்ய வேண்டும். துளி ஒளிரும், கோழி அதைக் கொத்தும், கொத்தியதும் மற்றொரு துளி வரும். பெரும்பாலான கோழிகளுக்குத் திறவுகோல் இந்த இரண்டாவது துளியே. தன் கொத்தலால் நீர் வந்தது என்பதை அது அப்போதுதான் அறிகின்றது. விரலில் ஒரு சோற்றுப் பருக்கையை ஒட்டி ஊசியருகே காட்டுவதும் பயன்தரும். பருக்கையை ஊசியிலேயே ஒட்டக் கூடாது; அது உள்ளே சென்று அடைப்பை உண்டாக்கும்.

கையில் பழகிய கோழியாக இருந்தால், மெல்லப் பிடித்து, அலகின் நுனி ஊசியில் படுமாறு இரண்டு மூன்று முறை தொடச் செய்யலாம். மூக்குத் துளையில் நீர் ஏறாதவாறு கவனித்தல் வேண்டும். பிடித்தாலே துடிக்கும் கோழியிடம் இம்முறையைக் கையாளுவது தீங்காகவே முடியும். நிப்பிள் என்றாலே பிடிபடும் இடம் என்று அது கற்றுக்கொள்ளும்.

முன்னர்க் கூறிய பிரிஸ்டல் ஆய்வின் பயன் இங்கு தெளிவாகின்றது. கூட்டத்தில் முதலில் தீவனத்திற்கு வரும், பிறவற்றை விலக்கும் பெட்டையையே முதலில் பழக்க வேண்டும். அது குடிப்பதைப் பிற கோழிகள் நின்று பார்க்கும். ஏற்கெனவே நிப்பிளில் பழகிய கோழி ஒன்று கிடைத்தால் அதனைக் கூட்டத்தில் சேர்ப்பதும் வழக்கம். ஆனால் புதுவரவு கூட்டத்தில் கடைநிலையில் இருப்பதால் அதனைப் பார்த்துக் கற்பவை குறைவு. புதுக்கோழி நோயையும் கொண்டுவரலாம். இவ்வழி பரிந்துரைக்கத்தக்கதன்று.

முதல் நாள் ஒரு மணி நேரம் கழிந்ததும், எத்தனை கோழிகள் குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், தட்டைத் திருப்பி வைத்துவிட வேண்டும். இரண்டாம் நாள் ஒன்றரை மணி நேரம், மூன்றாம் நாள் இரண்டு மணி நேரம் என நீட்டலாம். சென்னைக் கோடையில் காலை எட்டரை மணிக்கு மேல் தட்டில்லாமல் விடுவது ஆபத்தானது. மாலையில் அடைவதற்கு முன்னும் கோழிகள் மிகுதியாகக் குடிக்கும். ஐந்து மணியளவில் அரை மணி நேரம் இதே பயிற்சியைத் திரும்பச் செய்யலாம். ஆனால் அடையும் முன் தட்டைக் கட்டாயம் வைக்க வேண்டும். தாகத்துடன் அடைந்த கோழிக்கு விடியும் வரை வேறு வழியில்லை.

தட்டை நீக்குதல்

தட்டை எப்போது நீக்குவது என்பதே இச்செயன்முறையில் மிகுதியாகத் தவறு நிகழும் இடமாகும். 'பெரும்பாலானவை குடிக்கின்றன' என்பது போதாது. ஒவ்வொரு கோழியும் தனித்தனியாகக் கண்ணால் காணப்பட்டிருக்க வேண்டும். அதுவும் ஒரு முறை கொத்தியதை அன்று, தொடர்ந்து பல துளிகள் அருந்தியதை, வெவ்வேறு நேரங்களில் மூன்று முறையாவது காண வேண்டும். ஒரே நிறக் கோழிகளாயின் காலில் நிற வளையமிட்டுக் கணக்கெடுக்கலாம். நூல் கட்டுவது காலை இறுக்கிப் புண்ணாக்கும்.

கணக்கில் எஞ்சும் கோழி பெரும்பாலும் கடைநிலைக் கோழியாகவோ மிக முதிய கோழியாகவோ இருக்கும். அதனை, ஏற்கெனவே கற்ற ஒரு சாதுவான கோழியுடன் தனிக் கூண்டில் காலை வேளையில் விட்டுப் பழக்கலாம். தட்டை நிப்பிளின் நேர் கீழே வைத்து, நீரளவைக் கால் அங்குலமாகக் குறைத்து, நிப்பிளிலிருந்து துளி தட்டில் விழுமாறு செய்வதும் ஓர் உத்தி. துளி விழும் ஓசையும் அலையும் கோழியின் கண்ணை மேல்நோக்கி இழுக்கின்றன. இரண்டு வாரத்திற்குப் பின்னும் கற்காத கோழிக்குக் கிண்ண நீரூட்டியை நிலையாகக் கொடுத்துவிடுவதே முறை. ஒரு கருவிக்காக ஒரு கோழியை வருத்துவதில் பொருளில்லை.

'தாகத்தில் விடும்' முறை

ஒரு நாள் முழுதும் தட்டை எடுத்துவிட்டால் தாகம் தானே கற்பித்துவிடும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இளங்கோழிகளிடமும் குளிர்ந்த இடங்களிலும் இது பலமுறை வெற்றி பெறுவதாலேயே இக்கருத்து நிலைத்துள்ளது. ஆனால் இதில் கற்பவை தைரியமான கோழிகளே. கல்லாதவை ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும். அவற்றின் துன்பம் மாலை வரை வெளித்தெரியாது. 40 பாகையை எட்டும் மே மாதத்து நண்பகலில் சென்னையின் தகரக் கூரையின் கீழ், சில மணி நேரமே ஒரு பெட்டைக்குப் போதுமானதாகிவிடும்.

சட்டமும் இதனைத் தொடுகின்றது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, உரிமையாளர் தம் விலங்கிற்குப் போதிய உணவும் நீரும் உறைவிடமும் அளிக்கத் தவறுவதைக் குற்றமாகக் கூறுகின்றது. கோழியும் இதில் அடங்கும். எனவே விடியல் தாகத்தை ஓரிரு மணி நேரம் பயன்படுத்துவதற்கும், நீரை நாள் முழுதும் மறுப்பதற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

கண்காணிப்பு

தட்டை நீக்கியபின் குறைந்தது ஒரு வாரம் நாள்தோறும் நான்கு செய்திகளைக் காண வேண்டும்.

மாலையில் கோழிகள் அடைந்தபின் இரைப்பையைத் தொட்டுப் பார்த்தல் மிகவும் நம்பத்தக்கது. நீரும் தீவனமும் சேர்ந்த இரைப்பை, பிசைந்த மாவைப் போல் மெத்தென்றிருக்கும். தீவனம் உண்டு நீரருந்தாத கோழியின் இரைப்பை, மணல் மூட்டை போல் கெட்டியாக இருக்கும். ஒன்றும் உண்ணாத கோழிக்கு அது வெறுமையாக இருக்கும். கடைசி இரண்டில் எதைக் கண்டாலும் அன்றிரவே தட்டில் நீர் காட்ட வேண்டும்.

கொண்டை சுருங்கிக் கருஞ்சிவப்பாதல், கண் உள்வாங்குதல், எச்சம் குறைந்து உலர்ந்திருத்தல் ஆகியன தாகத்தின் பிற அறிகுறிகள். முட்டை எண்ணிக்கை இரண்டாம் மூன்றாம் நாளில் குறையலாம். தொடர்ந்து குறைந்தால் ஏதோ ஒரு கோழி போதிய நீர் பெறவில்லை. கேனின் பக்கத்தில் கோடிட்டு நாள்தோறும் நீர் குறையும் அளவைக் குறித்தல் வேண்டும். ஆறு பெட்டைகளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவு குறைய வேண்டும். அரை லிட்டரே குறைந்தால் குடிக்கவில்லை என்றும், மூன்று லிட்டர் குறைந்து தரையும் நனைந்திருந்தால் ஒழுகுகின்றது என்றும் கொள்ளலாம்.

கருவியின் பிழைகள்

பழகிய கோழி திடீரெனக் குடிக்காமல் நின்றால், குற்றம் பெரும்பாலும் கருவியினுடையது. திறந்த தட்டு காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும். அடைத்த நிப்பிள் தெரியாது. நிப்பிளின் பெரிய குறைபாடு இதுவே. ஆதலால் ஒவ்வொரு ஊசியையும் காலைதோறும் விரலால் தட்டிப் பார்க்கும் வழக்கத்தைக் கைவிடலாகாது.

கேனின் மேற்புறத்தில் காற்றுத் துளை இல்லாவிடின், சிறிதளவு நீர் வெளியேறியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி நீர் நின்றுவிடும். குழாய் நடுவில் மேடாக வளைந்தால் அங்கு காற்று தங்கி அடைக்கும். ஒளி ஊடுருவும் கேனை வெயிலில் வைத்தால் பாசி படரும். கறுப்புத் துணியோ சாக்கோ சுற்றவேண்டும். சாக்கை நனைத்து வைத்தால் நீரும் குளிரும். இது சிறு செய்தியன்று: நீரின் வெப்பநிலை 30 பாகையைத் தாண்டும்போது கோழிகள் குடிப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. மாடியில் வெயில் படும் மெல்லிய குழாயில் தேங்கிய நீர் நண்பகலில் கை பொறுக்காத சூட்டை அடையும். நன்கு பழகிய கோழிகளும் அதனை ஒரு முறை கொத்திவிட்டு விலகும். நண்பகலில் ஒரு முறை குழாயின் கடைமுனையைத் திறந்து சூடான நீரை வெளியேற்றுவதும், கோடை முழுதும் நிழலில் ஒரு தட்டைக் கூடுதலாக வைப்பதும் தேவை.

குழாயின் உட்புறத்தில் வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலம் படியும். வெல்லம், உயிர்ச்சத்து மருந்து முதலியவற்றை நீரில் கலந்த பின் இது விரைந்து வளரும். மருந்து கொடுத்த அன்றே குழாயை நல்ல நீரால் அலசுவதும், சுண்ணப் படிவிற்கு அவ்வப்போது எலுமிச்சை அமிலக் கரைசலை நிரப்பிவைத்துக் கழுவுவதும் வழக்கம்.

தடுப்பு மருந்தும் நிப்பிளும்

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய்க்கான லசோட்டா தடுப்பு மருந்து குடிநீரில் கொடுக்கப்படுவது. இம்மருந்தில் உயிருள்ள நச்சுயிரி உள்ளதால், குடிநீர் வாரிய நீரிலுள்ள குளோரின் அதனை அழித்துவிடும். லிட்டருக்கு 2.5 கிராம் அளவில் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலப்பது இதற்காகவே. பால்பொடி கலந்த நீர் நிப்பிளில் படிந்து அடைக்கும் என்பதாலும், சிறு கூட்டத்தில் ஒவ்வொரு கோழியும் இரண்டு மணி நேரத்திற்குள் தன் பங்கைக் குடித்ததா என்று நிப்பிளில் அறிய இயலாது என்பதாலும், வீட்டுக் கோழிகளுக்கு இம்மருந்தைத் தட்டிலேயே கொடுப்பது நன்று. எனவே பழைய தட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தமிழகத்தில் கால்நடை பராமரிப்புத் துறை பொதுவாகப் பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் நோய்த் தடுப்பூசிக்கான இருவார முகாம்களை நடத்துகின்றது. பழக்கும் பணி நடக்கும் நாட்களில் முகாம் வந்தால், பயிற்சியை ஒரு வாரம் நிறுத்திவைக்கலாம்.

மாற்றுக் கருத்து

நிப்பிள் தூய்மையானது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அது கோழி விரும்புவதா என்பதில் உண்டு. தேர்வு கொடுக்கப்பட்டபோது கறிக்கோழிகள் நிப்பிளைவிட மணி வடிவத் தொட்டியையும் திறந்த நீர்ப்பரப்பையும் நாடின என்று 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. அலகை நீரில் முழுதும் நனைத்தல், கொண்டையையும் தாடியையும் நீரில் தோய்த்துக் குளிர்தல் ஆகியவற்றிற்கு நிப்பிளில் இடமில்லை. இதனால், பழகி முடிந்த கூட்டத்திற்கும் வெயில் நாட்களில் சில மணி நேரம் ஆழமற்ற தட்டில் நீர் வைப்போர் உள்ளனர். மாலையில் அதனைக் கவிழ்த்துக் கழுவி வைத்துவிட்டால் கொசுவிற்கும் இடமில்லை. மறுநாள் காலை கோழிகள் தாமாகவே நிப்பிளிற்குச் செல்கின்றன.